தாம்பரம் மாநகரம்: புதிதாகக் குடிவந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் தெருவுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், முதல் மாதத்துக்குள் இதே கேள்விகள் வந்துவிடும். பத்திரம், வரி, வெள்ளம், ரயில் என்று ஆரம்பித்து, "சரி, இந்த ஊருக்கு அப்படி என்னதான் வரலாறு?" என்பதில் போய் நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதற்குப் பதிலாக, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

தாம்பரம் சென்னைக்குள்ள வருதா, வரலையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்களே?

எல்லாரும் சொல்வது சரிதான். தபால்காரரைக் கேட்டால் சென்னை என்பார்: மேற்கு தாம்பரம் 600 045, கிழக்கு தாம்பரம் 600 059, குரோம்பேட்டை 600 044. தொலைபேசிக்கும் 044தான். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லையும் நம்மை உள்ளே வைத்திருக்கிறது. ஆனால் நாம் சென்னை மாநகராட்சியில் இல்லை, சென்னை மாவட்டத்திலும் இல்லை. மாவட்டம் செங்கல்பட்டு. வண்டி வாங்கினால் டிஎன் 11 என்ற எண் வரும்.

பழைய பத்திரங்களைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பகுதி முதலில் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தது. 1997-ல் காஞ்சிபுரம் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரில் மறுபடியும் பிரித்து செங்கல்பட்டில் சேர்த்தார்கள். அதனால் அப்பா வாங்கிய மனையின் பத்திரத்தில் ஒரு மாவட்டம், நீங்கள் வாங்கிய வீட்டின் பத்திரத்தில் வேறு மாவட்டம் இருந்தால் பதற வேண்டாம். நிலம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

மாநகராட்சின்னா எந்தெந்த ஊர் எல்லாம் சேர்ந்தது?

2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளையும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி தாம்பரம் மாநகராட்சியை அமைத்தார்கள். மொத்தம் 70 வார்டுகள், 5 மண்டலங்கள். 2022 பிப்ரவரியில் முதல் தேர்தல் நடந்தது. மார்ச்சில் க. வசந்தகுமாரி முதல் மேயரானார். அப்போது அவருக்கு வயது 25.

தாம்பரம் மட்டும் தனியாக இருந்தபோதும் அது ஒரே ஊராக இருந்ததில்லை. 1964-ல் நகராட்சி ஆனபோதே தாம்பரம், கடப்பேரி, புலிக்கொரடு, இரும்புலியூர், சேலையூர் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் ஆக்கினார்கள். அதனால்தான் இங்கே யாரிடமும் "எந்த ஊர்?" என்று கேட்டால் தாம்பரம் என்று சொல்ல மாட்டார்கள். சேலையூர் என்பார்கள், கடப்பேரி என்பார்கள். நகராட்சி, மாநகராட்சி எல்லாம் வரி ரசீதில் மட்டும்தான்.

பல்லாவரம்தானே பெரிய ஊர்? அப்புறம் ஏன் பேர் மட்டும் தாம்பரம்?

பல்லாவரத்துக்காரர்கள் இதைக் கேட்காமல் விட்டதே இல்லை. அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியின் மக்கள்தொகை 1,74,787. பல்லாவரத்தில் 2,15,417. வரலாற்றை எடுத்தாலும் பல்லாவரம் வெகு முன்னால் நிற்கிறது (கீழே அதற்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது).

தாம்பரத்துக்கு வாய்த்தது ரயில் நிலையம். புறநகர் மின்ரயில் முடிகிற இடம் என்பதால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த பெயர் தாம்பரம். என்னைக் கேட்டால், பெயர்ப் பலகை வைத்தவர்கள் டிக்கெட் கவுன்டரைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள் என்பேன்.

அப்போ ஊர் வளர்ந்ததே ரயிலால்தானா?

பெரும்பாலும் ஆமாம். பம்பாயில் 1925-ல் மின்ரயில் வந்தது. நமக்கு 1931 மே மாதத்தில். சென்னை கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை சுமார் 30 கிலோமீட்டர், மீட்டர் கேஜ் பாதை. அன்றைக்குத் தாம்பரம் ஏரியும் வயலும் புதர்க்காடும் சூழ்ந்த சிற்றூர். பட்டணத்தில் வேலை பார்த்துக்கொண்டே இங்கே மனை வாங்கி வீடு கட்டலாம் என்ற எண்ணத்துக்கு இந்த வண்டிதான் வழிவிட்டது. மீட்டர் கேஜ் மின்ரயில் 2004 ஜூலை வரை ஓடியது. அதன் பிறகு முழுக்க அகலப்பாதை.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று இன்றைய மாநகராட்சிக்குள்ளேயே 5 நிலையங்கள் வருகின்றன. காலை நேரத்தில் தாம்பரம் நடைமேடையைப் பாருங்கள். செங்கல்பட்டில் இருந்து வரும் வண்டி நின்றால் பாதிப் பேர் நகரவே மாட்டார்கள். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டிக்குக் காத்திருப்பார்கள், ஜன்னல் ஓரம் கிடைக்கும் என்று. குரோம்பேட்டையில் ஏறுகிறவருக்கு நிற்க இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். ஒரே பெட்டியில் ஒரே இடத்தில் வருஷக் கணக்காக உட்கார்ந்து, பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகை வரை கைமாறிய சீசன் டிக்கெட் சிநேகிதங்கள் இந்த ஊரில் ஏராளம். பக்கத்து வீட்டுக்காரரை விட அவர்களைத்தான் நன்றாகத் தெரியும்.

சானடோரியம்னு ஒரு ஸ்டேஷன் இருக்கே, அது என்ன ஊரா, ஆஸ்பத்திரியா?

ஆஸ்பத்திரி. அந்தப் பெயரே ஊர்ப் பெயராகவும் நிலைத்துவிட்டது. காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு இவைதான் சிகிச்சை. அதற்கு ஊருக்கு வெளியே மரம் நிறைந்த இடம் வேண்டும். டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ல் இங்கே 12 படுக்கைகளோடு ஆரம்பித்தார். 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளைப் பல இடங்களில் தொடவே பயந்தபோது, இங்கே சேர்த்துப் பார்த்தார்கள். மாநிலத்தின் எல்லா மூலையில் இருந்தும் இங்கே வந்தார்கள்.

சவுரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு காசநோய் மருத்துவமனை நடத்தியவர். அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றவர்களில் கணித மேதை ராமானுஜனும் ஒருவர். சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் இறங்குகிறவர்களுக்கே இந்த விஷயம் தெரிவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதே பகுதியில்தான் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கிறது. காலையில் புறநோயாளிகள் வரிசை நீளமாக இருக்கும். முதல் தடவை போகிறவர்கள் சீக்கிரமே போய்விடுங்கள்.

ஊருக்கு நடுவுல இவ்வளவு பெரிய காடு எப்படி தப்பிச்சது?

மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தைத்தான் சொல்கிறீர்கள். 1837-ல் தொடங்கிய பள்ளியில் இருந்து வளர்ந்த கல்லூரி அது. முதலில் பட்டணத்தில், பாரிமுனைப் பக்கம் இருந்தது. இடம் போதாமல் நூற்றாண்டு விழா ஆண்டான 1937-ல் சேலையூர்க் காட்டுக்கு வந்தது. வளாகம் சுமார் 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ், தாவரங்களில் தீராத ஈடுபாடு உள்ளவர். அவரும் அவர் மனைவியும் நட்டு வளர்த்தவை பல. மற்றவை இந்த மண்ணுக்கே உரிய புதர்க்காட்டு மரங்கள். புள்ளிமான்களும் உண்டு. வேளச்சேரி சாலையில் பஸ்ஸில் போகும்போது, அந்தச் சுவர் ஓரம் வந்ததும் வெக்கை சட்டென்று குறையும். கவனித்துப் பாருங்கள்.

1938 டிசம்பரில் இங்கே ஒரு உலக மாநாடு நடந்தது. சர்வதேச மிஷனரி மன்றத்தின் கூட்டம். ஏறத்தாழ 70 நாடுகளில் இருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். முதலில் சீனாவின் ஹாங்சோவில் நடத்தத் திட்டமிட்டிருந்தார்கள். ஜப்பான் சீனாவுக்குள் புகுந்ததால் இடத்தை மாற்ற வேண்டியதாயிற்று. இன்றைக்கும் உலகெங்கும் உள்ள இறையியல் மாணவர்கள் "தாம்பரம் 1938" என்று படிக்கிறார்கள்.

பல்லாவரத்து வரலாறு ரொம்பப் பழசுன்னு சொன்னீங்களே, எவ்வளவு பழசு?

இந்தியாவின் கற்காலம் பற்றிய ஆராய்ச்சியே பல்லாவரத்தில்தான் தொடங்கியது என்று சொல்லலாம். 1863 மே 30 அன்று, புவியியல் துறை அதிகாரி ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே செம்புறைச் சரளை மண்ணில் இருந்து ஒரு கல் கருவியை எடுத்தார். பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவில் அப்படி அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அது. பல்லாவரம் மலைப் பகுதியில் கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையும் (இறந்தவரை வைத்துப் புதைக்கும் பெட்டி) 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிடைத்தது.

அப்புறம் பல்லவர்கள். மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை ஒன்று மலையில் இருக்கிறது. தூண்களும் அவனுடைய பட்டப்பெயர்களும் பாறையில் வெட்டப்பட்டவை. அந்தக் குடைவரைதான் இப்போது தர்கா. விளக்கேற்றி, ஊதுபத்தி கொளுத்தி இன்றும் மக்கள் வழிபடுகிறார்கள். 1400 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய இடம் சுற்றுலாத் தலமாகி வெறிச்சோடாமல் புழக்கத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பார்க்கப் போனால் வழிபாட்டு இடத்துக்குப் போகிற மரியாதையோடு போங்கள்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் மறைமலையடிகள். கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தில் இருந்தபோது அங்கே தமிழாசிரியராக இருந்தவர், 1911-ல் வேலையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். தனித்தமிழ் இயக்கத்தை 1916-ல் அவர் தொடங்கியது இங்கிருந்துதான். 1950-ல் மறையும் வரை அவர் பல்லாவரத்துக்காரர். அவர் விட்டுவந்த கல்லூரி பின்னாளில் அவர் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்ததை நினைத்தால் சிரிப்பு வரும்.

குரோம்பேட்டையில குரோம் எங்கே?

தோலில். குரோமியம் உப்பு கொண்டு தோல் பதனிடும் முறை சென்னைப் பக்கம் பரவியபோது, ஜி.ஏ. சேம்பர்ஸ் 1912 வாக்கில் இங்கே குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். கம்பெனியைச் சுற்றிய ஊர் குரோம்பேட்டை ஆயிற்று. ஆலை போய்விட்டது, பெயர் இருக்கிறது.

ஊருக்கு இன்னொரு அடையாளம் எம்.ஐ.டி. 1949-ல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைக் கொண்டு தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி. வழக்கமான சிவில், மெக்கானிக்கல் தாண்டி விமானம், எலக்ட்ரானிக்ஸ் என்று அன்றைக்குப் புதுசாக இருந்த பாடங்களை வைத்தார். அப்துல் கலாம் படித்தது இங்கே. எழுத்தாளர் சுஜாதா படித்ததும் இங்கேதான். 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம்.

அனகாபுத்தூர்ல வாழைநார்ப் புடவை நெய்யறாங்கன்னு டிவியில பார்த்தேன். நிஜமா?

நிஜம். வாழை, சணல், கற்றாழை என்று பல நார்களைக் கலந்து நெய்கிறார்கள். ஆனால் அது பிற்பாடு வந்தது. முன்பு இந்த ஊர் தறிகளில் ஓடியது கட்டம் போட்ட "ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்" துணி. பெயரில்தான் கைக்குட்டை. நைஜீரியாவில் பெண்கள் விசேஷங்களுக்கு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் ஆடை அது. 1970களில் நைஜீரியா இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் தறிகள் நின்றுபோயின. பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் பிழைக்கப் பிடித்த வழி இந்த நார்ப் புடவை. வாங்கப் போனால் நெசவாளர்களிடமே நேரில் வாங்குங்கள். பேரம் பேசுவதற்கு முன் ஒரு தறி பக்கத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். நார் அடிக்கடி அறும், நிறுத்தி முடிச்சுப் போட்டுத்தான் மேலே நெய்ய முடியும்.

கிழக்கு தாம்பரமா, மேற்கு தாம்பரமா, எது வசதி?

தண்டவாளம்தான் எல்லை. மேற்கே ஜிஎஸ்டி சாலை, சண்முகம் சாலைக் கடைவீதி, முடிச்சூர் சாலை. கிழக்கே கல்லூரி, கேம்ப் ரோடு, சேலையூர், வேளச்சேரி போகும் வழி. துணி, பாத்திரம், கல்யாணச் சாமான் எல்லாம் மேற்கே. கிழக்கே வீடுகளும் பள்ளிகளும் அதிகம். ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று நீண்டுகொண்டே போகிறது. தீபாவளிக்கு முந்தின வாரம் கிழக்கில் இருக்கிற அத்தனை குடும்பமும் ஸ்டேஷன் நடைபாலம் ஏறி சண்முகம் சாலைக்குப் போய்விடும். அந்த வாரம் பாலத்தில் நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய் விட்டுவிடும்.

வீடு பார்க்கிறவர்களுக்கு என் யோசனை: ரயிலில் வேலைக்குப் போவதாக இருந்தால் எந்தப் பக்கமானாலும் நடந்து போகும் தூரத்தில் பாருங்கள். பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகள் என்றால் கிழக்கு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை என்றால் மேற்கு. காலை 9 மணிக்குப் பாலத்தைக் கடக்காமல் இருப்பதே பாதி நிம்மதி.

கேம்ப் ரோடுன்னா என்ன கேம்ப்? தலைக்கு மேல விமானம் சுத்திக்கிட்டே இருக்கே?

விமானப்படைத் தளம். ராணுவ விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் தாங்களே பயிற்சி பெறும் பள்ளி இங்கே இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. சிறிய விமானம் ஒரே வட்டத்தில் திரும்பத் திரும்பப் பறந்தால் அது பயிற்சி, கோளாறு இல்லை. தளத்தை ஒட்டி மாடி கட்ட நினைப்பவர்கள் தடையில்லாச் சான்று பற்றி முதலிலேயே விசாரித்துவிடுங்கள். கட்டிவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே சொந்த ஊர்க்காரங்கன்னு யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள். ஏரிக்கரைப் பழைய தெருக்களில், ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பாருங்கள். அண்டா தூக்குகிறவர்கள் அவர்கள். மற்றபடி ஒவ்வொரு அலையும் ஒரு கூட்டத்தைக் கொண்டுவந்தது. ரயில்வே குடியிருப்புக் குடும்பங்கள், விமானப்படையில் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்ட வட இந்தியர்களும் மலையாளிகளும், பல்லாவரம் வெட்டரன் லைன்ஸின் ஆங்கிலோ இந்தியர்கள், 1984-ல் கடப்பேரியில் ஏற்றுமதி மண்டலமான மெப்ஸ் வந்ததும் வேலைக்கு வந்த பெண்கள், தென் மாவட்டங்களில் இருந்து ரயிலோ பஸ்ஸோ ஏறி வந்து, இறங்கின இடத்திலேயே கடை போட்டவர்கள்.

மளிகைக் கடையில் நின்றால் நெல்லைத் தமிழும் தெலுங்கும் ஹிந்தியும் ஒரே நேரத்தில் கேட்கும். முன்பு மெப்ஸ் ஷிப்ட் முடிகிற நேரத்தில் பூக்கடைகளில் வியாபாரம் சூடு பிடிக்கும். இப்போதும் அப்படித்தான், முழம் விலை மட்டும் ஏறிவிட்டது.

பல்லாவரம் சந்தை எப்போ? என்ன வாங்கலாம்?

வெள்ளிக்கிழமை, பழைய டிரங்க் ரோட்டில். மாட்டுச் சந்தையாகத் தொடங்கியது என்பார்கள். இப்போது மாடு இல்லை, மற்றதெல்லாம் உண்டு. பழைய மின்விசிறி, கழற்றிப் போட்ட மிக்ஸி ஜார், ஒற்றைக் கால் ஆடும் நாற்காலி, புறா, கிளிக்கூண்டு, கருவாடு, ரோஜாச் செடி, திருகாணி டப்பா. காய்கறி மலிவாகக் கிடைக்கும் என்று வருகிறவர்களும் உண்டு.

செடி வாங்கினால் மண்ணோடு சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். அன்று காலையில் தொட்டியில் குத்தி வைத்த கிளையாக இருந்தால் கையோடு வந்துவிடும். மின்சாரச் சாமான் என்றால் கடைக்காரரிடமே ஒயர் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கோயில்னா எங்கே முதல்ல போகணும்?

திருநீர்மலை. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததால், வடியும் வரை ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் புராணம் எங்களுக்கு ரொம்ப நன்றாகப் புரிந்தது. அடிவாரத்தில் நீர்வண்ணன் நின்ற கோலம். மலை மேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். அடிவாரத்தோடு திரும்பிவிடாதீர்கள்.

இரண்டாவது மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர். சோழர் காலத்துக் கற்றளி. கருவறையின் பின்புறம் யானை படுத்திருப்பதைப் போல வளைந்திருக்கும், தூங்கானை மாடம் என்பார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளில் போய் வெளிச்சுற்றில் நடந்து அந்த வளைவைப் பாருங்கள்.

2015 வெள்ளம் செம்பரம்பாக்கம் திறந்ததாலதானே? இப்போ அது சரியாயிடுச்சா?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் சொல்ல முடியாது. நீங்கள் அடையாற்றின் எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள் என்று பார்க்க வேண்டும். அடையாறு ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரில் உருவாகி, முடிச்சூர், மேற்கு தாம்பரம் ஓரமாக வந்து, திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாகச் சென்னைக்குப் போகிறது. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் இந்த ஆற்றில் வந்து சேர்வது திருநீர்மலைப் பக்கத்தில். ஆகவே அனகாபுத்தூருக்கு அந்த ஏரி ஒரு காரணம். முடிச்சூருக்கும் வரதராஜபுரத்துக்கும் இல்லை. ஆறு அந்த ஏரி நீரைச் சந்திப்பதற்கு முன்பே அவர்கள் ஊரைக் கடந்துவிடுகிறது.

அப்படியானால் அவர்கள் ஏன் மூழ்கினார்கள்? டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. நவம்பர் மழையிலேயே ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தன. இந்த ஊர்களின் ஏரிகள் தனித்தனி அல்ல. மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரத்து, அதன் உபரி அடுத்த ஏரிக்கு, கடைசியில் ஆற்றுக்கு. அந்த வாய்க்கால்களில் பாதி காணாமல் போய்விட்டது. சில இடத்தில் அதன் மேல் தெரு, சில இடத்தில் வீடு. இரும்புலியூர் ஏரியைப் பாருங்கள், நெடுஞ்சாலையே அதைத் துண்டாக்கிக்கொண்டு போகிறது.

அதற்குப் பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய்கள் கட்டினார்கள். முன்னைவிடத் தண்ணீர் சீக்கிரம் வடிகிறது. "சரியாகிவிட்டது" என்று புரோக்கர் சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

வாங்கப் போற மனை ஏரி நிலமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. அது விற்றது வாங்கியதைச் சொல்லும், நிலத்தின் தன்மையைச் சொல்லாது. சர்வே எண்ணை வைத்து 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் அரசு இணையதளத்தில் பாருங்கள். ஏரி, ஏரி உள்வாய், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று வகைப்பாடு இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிராம நத்தம் என்றால் பயமில்லை, பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். வரைபடத்தில் மனையின் ஓரத்தில் இரட்டைக் கோடு ஓடினால் அது பாதையா, வாய்க்காலா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.

அதற்கு மேல் ஒரு வேலை. தெருமுனை டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். எந்த வருஷம் என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

நலச் சங்கத்துல சேர்ந்து என்ன பிரயோஜனம்? சந்தா வாங்கறாங்க, பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கிறாங்க.

கோலப் போட்டியில்தான் தெருவே முகம் பார்த்துக்கொள்கிறது, அதைக் குறைவாக நினைக்காதீர்கள். பிரயோஜனத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் சிட்லபாக்கம் ஏரி. கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் ஒரு பக்கம் குப்பை மேடுமாகக் கிடந்த ஏரிக்காக, ஊர்க்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்தார்கள், தாங்களே இறங்கிச் சுத்தம் செய்தார்கள், விடாமல் நச்சரித்தார்கள். 2019-ல் அரசு ரூ.25 கோடி அறிவித்தது. வேலை நடந்தது, கரையில் நடைபாதை வந்தது. எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் சாயங்காலம் அந்தக் கரையில் நடக்கிற கூட்டத்தைப் பார்த்தால் சந்தா வீண் இல்லை என்று தோன்றும்.

மாநகராட்சி ஆன பிறகு வரி ஏறிவிட்டது, கவுன்சிலர் தூரமாகிவிட்டார் என்ற புலம்பல் எனக்கும் உண்டு. பேரூராட்சியாக இருந்தபோது தலைவரை ரேஷன் கடை வரிசையிலேயே பிடித்துவிடலாம். இப்போது மண்டல அலுவலகத்துக்கு எழுத்து மூலம் போக வேண்டும். தனி ஆளாக எழுதினால் கோப்புக்குப் போகும், சங்கக் கடிதமாகப் போனால் இளநிலைப் பொறியாளர் நேரில் வந்து பார்க்கிறார்.

எங்க ஏரியாவுல போலீஸ் தாம்பரம்னு எழுதியிருக்கு, வரி மட்டும் வேற இடத்துல கட்டறோம். எப்படி?

காவல் எல்லை வேறு, மாநகராட்சி எல்லை வேறு. தாம்பரம் காவல் ஆணையரகம் 2022 ஜனவரியில் வந்தது. அதன் எல்லை கூடுவாஞ்சேரி, கேளம்பாக்கம் வரை போகிறது. பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சியில் இருக்கிறது, காவல் நிலையம் தாம்பரம் ஆணையரகத்தில் இருக்கிறது. முடிச்சூர், மேடவாக்கம், அகரம்தென் போன்ற ஊராட்சிகள் 2021 இணைப்பில் வரவில்லை. அவற்றைச் சேர்க்கும் பேச்சு அதன் பிறகு எழுந்தது. உங்கள் வீட்டுக்கு எது என்பதைக் கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் பல்லாவரத்தில். ராணுவக் குடியிருப்புப் பகுதி மாநகராட்சியிலேயே சேராது. பரங்கிமலை-பல்லாவரம் கன்டோன்மென்ட் போர்டு அதைப் பார்க்கிறது, அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ். ஒரே சாலையில் இந்தப் பக்கக் குப்பைக்கு ஒரு வண்டி, அந்தப் பக்கக் குப்பைக்கு இன்னொரு வண்டி வருவது அதனால்தான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகணும். பெருங்களத்தூர்லயே ஏறலாமா, கிளாம்பாக்கம் போகணுமா?

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கே போகும் அரசு விரைவுப் பேருந்துகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. முன்பு பண்டிகைக்கு முந்தின ராத்திரி பெருங்களத்தூரில் பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது. தாம்பரத்தில் இருந்து மாநகரப் பேருந்தில் கிளாம்பாக்கம் போய்விடலாம். பண்டிகை நாளில் மட்டும் வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள்.

ரயில் டிக்கெட் கிடைத்தால் அதுவே மேல். தெற்கே போகும் பெரும்பாலான விரைவு ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். நாகர்கோவில் அந்த்யோதயா இங்கிருந்தே புறப்படுகிறது, முழுக்க முன்பதிவில்லாப் பெட்டிகள். முன்பதிவு செய்கிறவர்கள் டிக்கெட்டில் ஏறும் நிலையம் எழும்பூர் என்று இருந்தால், தாம்பரம் என்று மாற்றிக்கொண்டு ஏறுங்கள்.